வால்டர் லார்டின் நான்கு புத்தகங்கள்: முதலில் எதை எடுப்பது?

நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிறு காலை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். வீட்டில் சொல்வது வாக்கிங். நடப்பது இரண்டு சுற்று, மீதி நேரமெல்லாம் சிமெண்ட் பெஞ்சில் புத்தகப் பேச்சு. போன மாதம் நண்பர் ஒருவர் வால்டர் லார்டின் டைட்டானிக் புத்தகத்தைக் கொண்டுவந்து இருபது நிமிடம் கதை சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், அந்த ஆள் எழுதியதில் நான்கைந்து என் அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்ததால்.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: "சார், நாலையும் வாங்கக் காசில்லை. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க." துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சிக்கு வேறு கவலை: "டைட்டானிக் படத்தையே நாலு தடவ பாத்தாச்சு தம்பி. மறுபடி அதையே படிக்கணுமா?"

ஒரே பதில் இருவருக்கும் பொருந்தாது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

லார்டைப் பற்றி இரண்டு வரி. 1917ல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர், 2002ல் காலமானார். சட்டம் படித்துவிட்டு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிக்கொண்டிருந்தார். சிறுவனாக இருந்தபோது, 1926ல், டைட்டானிக்கின் அக்கா கப்பலான ஒலிம்பிக்கில் பயணம் செய்திருக்கிறார். பித்து அங்கே பிடித்தது. அவர் முறை எளிமையானது. சம்பவத்தில் இருந்தவர்களைத் தேடிப் பிடிப்பார். "நீங்கள் அப்போது எங்கே நின்றீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன கேட்டது?" என்று கேட்பார். வந்த பதில்களை நிமிட வாரியாக அடுக்குவார். போர் ஏன் வந்தது, நாகரிகம் எங்கே போகிறது என்ற உபந்நியாசமெல்லாம் கிடையாது.

இங்கே நான் தராசில் வைப்பது நான்கு: 'எ நைட் டு ரிமெம்பர்' (1955, டைட்டானிக்), 'டே ஆஃப் இன்ஃபமி' (1957, பேர்ல் ஹார்பர்), 'இன்க்ரெடிபிள் விக்டரி' (1967, மிட்வே கடற்போர்), 'தி மிராக்கிள் ஆஃப் டன்கர்க்' (1982). மற்றவற்றைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் கடிகாரம். என் கட்சி இதுதான்: சம்பவம் எவ்வளவு குறுகிய நேரத்தில் நடந்து முடிகிறதோ, அவ்வளவுக்கு லார்டு நன்றாக எழுதுவார். நேரம் நீள நீள அவர் பிடி தளரும். நம்மூர் எம்டன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸுக்கு வந்து, சுமார் 130 குண்டுகளைப் போட்டு, பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, அரை மணி நேரத்துக்குள் இருட்டில் மறைந்துவிட்டது. அந்த அரை மணிதான் "அவன் சரியான எம்டன்" என்று நூறு வருஷமாக நம் வாயில் நிற்கிறது. லார்டு கையில் கிடைத்திருந்தால் அல்வா மாதிரி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது, பெயர்ச் சுமை. லார்டின் புத்தகத்தில் கதாநாயகன் இருக்கமாட்டான், கூட்டம்தான் இருக்கும். முப்பது பெயரா முந்நூறா என்பதைப் பொறுத்து நீங்கள் ஐம்பதாம் பக்கத்தைத் தாண்டுவதும் தாண்டாததும்.

மூன்றாவது, வரைபடம் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்பது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மெட்ரோ ரயிலில் ஃபோனில் படிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம், எதிர்த்தரப்பு மனிதர்களாகத் தெரிகிறார்களா, புத்தகம் வெளிவந்த பிறகு கண்டுபிடிக்கப்பட்டவை அதை எவ்வளவு பழசாக்கிவிட்டன, சென்னையில் வாங்கினால் கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன. இந்த மூன்றையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஆங்கிலம் கடினமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. விளம்பரம் எழுதிய கை, சின்னச் சின்ன வாக்கியம். தமிழ் மீடியத்தில் படித்த நான் அகராதி இல்லாமல்தான் படித்தேன். கப்பலின் வலப்பக்கம் ஸ்டார்போர்டு, இடப்பக்கம் போர்ட் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

## டைட்டானிக்: இரண்டு மணி நாற்பது நிமிடம்

1912 ஏப்ரல் 14 இரவு 11:40க்குப் பனிப்பாறையில் இடித்தது, 2:20க்கு மூழ்கியது. நான்கில் மிகக் குறுகிய கடிகாரங்களில் ஒன்று, நான்கில் மிகச் சிறந்த புத்தகமும் இதுவே. உயிர் தப்பியவர்கள் 60 பேருக்கு மேல் அவரிடம் பேசியிருக்கிறார்கள் அல்லது எழுதியிருக்கிறார்கள். 1950களில் அவர்களில் பலர் இன்னும் இருந்தார்கள் என்பது லார்டின் அதிர்ஷ்டம்.

புத்தகம் கப்பல் கட்டிய கதையோடு தொடங்காது. பாய்மரக் கூண்டில் நின்று இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் காவலாளி ஃபிரெடரிக் ஃபிளீட்டோடு தொடங்கும். இரண்டு மூன்று பக்கத்துக்குள் பாறை வந்துவிடும். அதற்குப் பிறகு லார்டு செய்வதுதான் வித்தை. இடித்த அந்த நொடி ஒவ்வொருவருக்கும் எப்படித் தோன்றியது என்று அறை அறையாகப் போகிறார். யாருக்கும் அது பயங்கரமாகத் தோன்றவில்லை. தளத்தில் விழுந்த பனிக்கட்டித் துண்டுகளை மூன்றாம் வகுப்புப் பயணிகள் உதைத்து விளையாடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 காலை மெரினாவில் கடல் உள்வாங்கியபோது வேடிக்கை பார்க்க இறங்கிப் போனவர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

எனக்குப் பிடித்த ஆள் தலைமை ரொட்டிக்காரர் சார்லஸ் ஜாக்கின். தன் ஆட்களிடம் ரொட்டிகளைக் கொடுத்து உயிர்காப்புப் படகுகளுக்கு அனுப்புகிறார். நடுவில் போய் ஒரு மடக்குக் குடித்துவிட்டு வருகிறார். மிதப்பவர்கள் பிடித்துக்கொள்ளட்டும் என்று நாற்காலிகளைத் தூக்கித் தூக்கிக் கடலில் போடுகிறார். கடைசியில் கப்பலின் பின்முனையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிப் பிழைத்தும் விடுகிறார். ஒரு சினிமாவில் இப்படி ஒரு பாத்திரம் வைத்தால் நம்ப மாட்டோம்.

இன்னொன்று. கப்பலில் சுமார் 2,200 பேர், 20 படகுகளில் இடம் 1,178 பேருக்கு மட்டும் என்பது எல்லாரும் அறிந்த கணக்கு. லார்டு அதோடு நிற்கவில்லை. மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் செத்த விகிதம் முதல் வகுப்பு ஆண்கள் செத்த விகிதத்தைவிட அதிகம் என்று சாதாரணமாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். குரல் உயர்த்தாமல் சொல்வதால் அது கூடுதலாகக் குத்துகிறது.

பெயர்ச் சுமை நிறையத்தான், ஆனால் தொல்லை இல்லை. எல்லாரும் ஒரே கப்பலில் இருப்பதால் மறந்தாலும் குழப்பாது. வரைபடமும் வேண்டாம். மேல், கீழ், முன், பின் தெரிந்தால் போதும்.

பழசான இடம் ஒன்று முக்கியமானது. 1955 புத்தகத்தில் கப்பல் உடையாமல் முழுசாக மூழ்கும். 1985 செப்டம்பர் 1 அன்று கடலடியில் கண்டுபிடித்தபோது அது இரண்டு துண்டாகக் கிடந்தது. அதற்கு அடுத்த வருஷம், 1986ல், லார்டு 'தி நைட் லிவ்ஸ் ஆன்' என்று இன்னொன்று எழுதினார். அது கதை அல்ல. ஒவ்வொரு கேள்வியாக எடுத்துவைத்து அலசுவது. கடைசியில் இசைக்குழு வாசித்தது எது, பக்கத்தில் நின்ற கலிஃபோர்னியன் கப்பல் ஏன் வரவில்லை என்பது போல. (அந்தக் கப்பலின் கேப்டன் பெயரும் லார்டுதான், ஸ்டான்லி லார்டு. சொந்தக்காரர் இல்லை. நம் லார்டு அவரைச் சும்மா விடவும் இல்லை.) முதல் புத்தகம் படிக்காமல் இதை வாங்கினால் பணம் வீண். நான் ஒருமுறை ஆன்லைனில் முதலாவதை ஆர்டர் செய்து இரண்டாவது வந்து சேர்ந்தது. திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். அட்டையில் தலைப்பை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

மறைந்திருக்கும் விலை வேறு ஒன்று. இதை முதலில் படித்தவர்கள் மற்ற மூன்றிடமும் இதையே எதிர்பார்க்கிறார்கள். கிடைக்காது.

## பேர்ல் ஹார்பர்: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை

1941 டிசம்பர் 7. இடம், ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் துறைமுகம். காலை 7:55க்குத் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து இரண்டு அலையாக 353 ஜப்பானிய விமானங்கள் வந்தன. அமெரிக்கர்கள் 2,403 பேர் இறந்தார்கள். அதில் 1,177 பேர் அரிசோனா என்ற ஒரே கப்பலில்.

கடிகாரப்படி பார்த்தால் இது டைட்டானிக்குக்குச் சமமாக நிற்க வேண்டும். ஏன் ஒரு படி கீழே நிற்கிறது என்றால் பெயர்ச் சுமை. 500 பேருக்கு மேல் விசாரித்தவர், கிடைத்த எதையும் விட மனசில்லாமல் எழுதியிருக்கிறார். கப்பல், விமானத்தளம், மருத்துவமனை, சமையலறை என்று பத்து வரிக்கு ஒருமுறை இடம் மாறும். இப்போதுதான் அறிமுகமான மாலுமி அடுத்த பத்தியில் காணாமல் போய், அறுபது பக்கம் கழித்து எண்ணெய் பூசிய முகத்தோடு திரும்பி வருவான். யார் இவன்?

இதற்கு நான் கண்ட வழி: ஆட்களின் பெயரை விட்டுவிடுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் கப்பல்களின் பெயரை மட்டும் எழுதிப் பக்கத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அரிசோனா, ஒக்லஹோமா, நெவாடா, வெஸ்ட் வர்ஜீனியா, இப்படி. ஆளை மறந்தாலும் கப்பல் தெரிந்தால் இடம் புரிந்துவிடும்.

பொறுத்துப் படித்தால் கிடைப்பது என்ன? தாக்குதலுக்கு முந்தைய ஒரு மணி நேரம். அதை லார்டைவிட யாரும் நன்றாக எழுதியதில்லை என்பது என் எண்ணம். 7:02க்கு ஓபானா முனையில் இரண்டு சிப்பாய்கள் ராடாரில் பெரிய கூட்டமாக விமானங்கள் வருவதைப் பார்க்கிறார்கள். தகவல் சொல்கிறார்கள். அன்று அமெரிக்க விமானங்கள் சில வர வேண்டியிருந்ததால், அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கவலைப்பட வேண்டாம் என்கிறார். அதற்கும் முன்னால் வார்டு என்ற கப்பல் துறைமுக வாயிலில் ஒரு குட்டி நீர்மூழ்கியையே மூழ்கடித்திருக்கிறது. அந்தச் செய்தியும் மேலிடத்துக்கு ஏறும் வழியில் ஆறிப்போகிறது. நம் அரசு அலுவலகங்களில் கோப்பு மேசை மேசையாக நகர்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த அத்தியாயத்தில் விளக்கவுரை தேவைப்படாது. எட்டு மணிக்கு நெவாடாவில் கொடியேற்றம். வாத்தியக்குழு தேசிய கீதம் தொடங்குகிறது, தலைக்கு மேல் விமானம் சுட்டுக்கொண்டே போகிறது, கீதத்தை நடுவில் நிறுத்தி யாருக்கும் பழக்கமில்லாததால் முழுசாக வாசித்து முடித்துவிட்டுத்தான் ஓடுகிறார்கள்.

எதிர்த்தரப்பு இதில் நன்றாகவே தெரிகிறது. ஜப்பானிய விமானிகளிடமும் கேட்டு எழுதியிருக்கிறார். ஆனால் ரூஸ்வெல்ட்டுக்கு முன்பே தெரியுமா, வாஷிங்டனில் யார் தூங்கினார்கள் என்ற சர்ச்சைக்காக இதை வாங்காதீர்கள். ஹவாயில் அன்று யாருக்கு என்ன நடந்தது என்பதுதான் இந்தப் புத்தகம். அதனாலேயே இது அதிகம் பழசாகவும் இல்லை.

## மிட்வே: நான்கு நாள், அதில் ஐந்து நிமிடம்

சென்னைக்காரர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பாட்டி எதற்கெடுத்தாலும் "எவாக்குவேஷன் சமயத்துல" என்பாள். 1942 ஏப்ரல். பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படை இந்தியப் பெருங்கடலுக்குள் வந்து, 5ஆம் தேதி கொழும்பையும் 9ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கியது. இடையில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது மெட்ராஸ்தான் என்று அரசாங்கமே ஊரைக் காலி செய்யச் சொன்னது. மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பாட்டி கும்பகோணம் போனாள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வம்பு என்று உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பூங்கா அப்போது மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்தது.

அன்று வந்த கப்பல்களில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் இரண்டே மாதத்தில், பசிபிக்கில் அமெரிக்கர்கள் வசம் இருந்த மிட்வே தீவுக்கு அருகே நடந்த சண்டையில் மூழ்கின. பேர்ல் ஹார்பருக்குப் போய், இங்கே வராமல் விட்ட காகாவும் கூடவே மூழ்கியது. அந்தக் கதைதான் இந்தப் புத்தகம். நான் இதை வாங்கியது மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில், 80 ரூபாய்க்கு. எந்தப் படைக்குப் பயந்து புலியைச் சுட்டார்களோ, அந்தப் படையின் முடிவை அதே இடத்துக்குப் பக்கத்தில் வாங்கியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் உறைத்தது.

சரி, புத்தகத்துக்கு வருவோம். முதல் பாகம் மெதுவானது. ஜப்பானியச் சங்கேதத்தில் 'ஏ.எஃப்.' என்பது எந்த இடம் என்று கண்டுபிடிக்க, மிட்வேயில் குடிநீர் எந்திரம் பழுது என்று அமெரிக்கர்கள் பொய்ச் செய்தி அனுப்பி, 'ஏ.எஃப்.பில் தண்ணீர் இல்லையாம்' என்று ஜப்பானியர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதை ஒட்டுக்கேட்ட கதை சுவாரசியம். ஆனால் அதைத் தாண்டி கப்பல் அணிகள், தளபதிகள், தூரக் கணக்கு எல்லாம் வந்துகொண்டே இருக்கும். வரைபடம் இல்லாவிட்டால் தொலைந்தீர்கள்.

அப்புறம் ஜூன் 4 காலை வருகிறது. அமெரிக்கர்களின் டார்பிடோ எட்டாம் அணியின் 15 விமானங்களும் சுட்டு வீழ்த்தப்படுகின்றன. 30 பேரில் பிழைத்தவர் ஜார்ஜ் கே ஒருவர்தான். அவர் தண்ணீரில் மிதந்தபடி மிச்சத்தைப் பார்க்கிறார். பத்தரைக்குச் சற்று முன் மேலிருந்து செங்குத்தாகப் பாயும் குண்டுவீச்சு விமானங்கள் வந்து சேர, நிமிடக் கணக்கில் மூன்று ஜப்பானியக் கப்பல்கள் எரிகின்றன. அந்தப் பகுதியை நான் நின்றுகொண்டே படித்தேன், பஸ்ஸில். கடிகாரம் சுருங்கியதும் லார்டு பழைய லார்டாகிவிடுகிறார். "வெல்ல அவர்களுக்கு எந்த நியாயமும் இல்லை, இருந்தும் வென்றார்கள்" என்ற பொருளில் அவர் எழுதிய வரியை வாஷிங்டனில் இரண்டாம் உலகப் போர் நினைவிடத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

நான்கில் அதிகம் பழசானது இதுவே. குண்டு விழுந்தபோது ஜப்பானிய விமானங்கள் புறப்படத் தயாராகத் தளத்தில் வரிசை கட்டி நின்றன, இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் கதை மாறியிருக்கும் என்பது அந்தத் தலைமுறையின் பொதுவான சித்திரம். ஜப்பானியக் கப்பல்களின் பதிவேடுகளைப் பிற்காலத்தில் அலசியவர்கள் அது சரியில்லை என்று காட்டிவிட்டார்கள். 2005க்குப் பிந்தைய ஆய்வு நூல் ஒன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும் என்பதால், இதை ஒரு புத்தக விலை என்று கணக்குப் போடாதீர்கள், இரண்டு புத்தக விலை.

## டன்கர்க்: பத்து நாள்

1940 மே 26 முதல் ஜூன் 4 வரை, ஜெர்மானியர்கள் சுற்றிவளைத்த பிரிட்டிஷ், ஃபிரெஞ்சுப் படையினர் உள்ளிட்ட 3,38,226 பேரை ஃபிரெஞ்சுக் கடற்கரையிலிருந்து மீட்டார்கள். என் கடிகாரக் கட்சிப்படி இது கடைசியில் வர வேண்டும். எனக்கு வந்ததும் அப்படித்தான். முதல் மூன்றில் ஒரு பங்கு பின்வாங்கும் சாலைகளும் ஊர்ப் பெயர்களும். ஜெர்மன் டாங்கிகள் மே 24 அன்று ஏன் நிறுத்தப்பட்டன என்பதற்கு அவர் நேரம் ஒதுக்குகிறார். நல்ல விஷயம்தான், ஆனால் அது லார்டின் பலம் இல்லை.

இருந்தாலும் சின்னப் படகுகள் வந்து ராணுவத்தைக் காப்பாற்றியது என்ற அழகான கதைக்குப் பின்னால் இருக்கும் வேலையை இந்தப் புத்தகம் காட்டுகிறது. கடற்கரை மணலிலிருந்து ஏற்றப்பட்டவர்கள் சுமார் 99,000. துறைமுகத்திலிருந்தும் அதன் கிழக்கு அலைதடுப்புச் சுவரிலிருந்தும் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 2,39,000. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அந்தச் சுவர், கப்பலைக் கயிறு போட்டுக் கட்டி நிறுத்துவதற்காக எழுப்பப்பட்டதே அல்ல. மேலே மரப்பலகை நடைபாதை, நான்கு பேர் சேர்ந்து நடக்கலாம். கேப்டன் டென்னன்ட் என்பவர் ஒரு கப்பலைக் கொண்டுவந்து கட்டிப் பார்க்கிறார், நிற்கிறது. அங்கிருந்துதான் எண்ணிக்கை ஏறுகிறது.

டைட்டானிக் படித்தவர்களுக்கு ஒரு பரிசும் உண்டு. அந்தக் கப்பலின் இரண்டாம் அதிகாரி, கவிழ்ந்த படகின் முதுகில் நின்று பிழைத்த சார்லஸ் லைட்டோலர், 66 வயதில் தன் சொந்தப் படகான சன்டவுனரை எடுத்துக்கொண்டு டன்கர்க் போய் சுமார் 130 பேரை அள்ளிக்கொண்டு வந்தார். உள்ளே ஆட்களை அடுக்கியதைப் படிக்கும்போது, 1912ல் பாதி காலியாகப் போன படகுகளை இந்த மனிதர் மறக்கவே இல்லை என்று பட்டது எனக்கு.

இந்தியக் கோவேறு கழுதைப் படைப்பிரிவினரும் அந்த நாட்களில் அங்கே இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் வேறு புத்தகம் தேடுங்கள். இது பிரிட்டிஷ் கப்பல்களின் கதை.

## ஒரே பார்வையில்

| | டைட்டானிக் | பேர்ல் ஹார்பர் | மிட்வே | டன்கர்க் |
|---|---|---|---|---|
| கடிகாரம் | 2 மணி 40 நிமிடம் | சுமார் 2 மணி நேரம் | 4 நாள் | 10 நாள் |
| பெயர்ச் சுமை | நிறைய, குழப்பாது | தலைசுற்றும் | நடுத்தரம் | நடுத்தரம், ஊர்ப் பெயர் அதிகம் |
| வரைபடம் | வேண்டாம் | ஒருமுறை பார்த்தால் போதும் | கட்டாயம் | கட்டாயம் |
| எதிர்த்தரப்பு | பனிப்பாறைதான் | தெரிகிறது | நன்றாகத் தெரிகிறது | ஓரளவு |
| பழசானது | கப்பல் உடைந்த விதம் | குறைவு | அதிகம் | குறைவு |
| ஃபோனில் படிக்க | தாராளமாக | சமாளிக்கலாம் | வேண்டாம் | வேண்டாம் |

மற்றவை: சாலமன் தீவுக் கரையோர உளவாளிகளைப் பற்றிய 'லோன்லி விஜில்' (1977) மேற்கண்ட நான்கையும் முடித்தவர்களுக்கு. அலமோ கோட்டை முற்றுகையும் 1812 போரும் பற்றியவை அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களை மனதில் வைத்து எழுதியவை. எனக்கு ஒட்டவில்லை.

## வாங்கும்போது

என் மிட்வே பிரதியில் நடுவே ஒரு வரைபடத் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. கடையில் முன்னட்டை, பின்னட்டை, விலை மூன்றையும் பார்த்தேன், உள்ளே புரட்டவில்லை. மூன்று நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, "பேப்பர் குறைஞ்சிருக்கு, கதை குறையலையே சார்" என்றார். குறைந்துதான் இருந்தது. பழைய கடல்போர்ப் புத்தகம் வாங்கினால், மூர் மார்க்கெட்டோ திருவல்லிக்கேணி பாரதி சாலையோ, வரைபடப் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். பழைய சின்ன பேப்பர்பேக் பதிப்புகளின் எழுத்து பொடியாக இருக்கும். நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடிச் செலவையும் சேர்த்துக்கொள்ளலாம். மின்நூலில் எழுத்தைப் பெரிதாக்கலாம், வரைபடம் தீப்பெட்டி அளவில் வரும். அதனால்தான் மேலே அந்தக் கடைசி வரிசை.

நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குக் காத்திருப்பவர்களுக்கு: டைட்டானிக் கிடைக்கும்போது புதுசாகவே வாங்குங்கள், வீட்டில் கைமாறிக்கொண்டே இருக்கும். மற்ற மூன்றையும் கன்னிமாராவிலோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ முதலில் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் காசை எடுங்கள்.

## யாருக்கு எது

லார்டையே படித்ததில்லை, ஒன்றுதான் வாங்க முடியும், பஸ்ஸிலும் மெட்ரோவிலும் படிப்பேன் என்பவர்களுக்கு யோசனையே வேண்டாம், டைட்டானிக். படம் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. இதில் ஜாக்கும் ரோஸும் கிடையாது, அவர்கள் இல்லாதது ஒரு நிம்மதி. அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு அதைத்தான் சொன்னேன்.

செய்தித் துறையிலோ நிர்வாகத்திலோ இருப்பவர்கள், எச்சரிக்கை எப்படித் தொலைந்து போகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் பேர்ல் ஹார்பரை எடுக்கலாம். துண்டுச் சீட்டு மறக்க வேண்டாம். போர்க் கதைகளில் ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்கள், வீட்டில் எவாக்குவேஷன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் மிட்வே. பேர்ல் ஹார்பர் படித்த கையோடு படித்தால் அதே கப்பல்கள், அதே தளபதி. இரண்டும் ஒரே புத்தகத்தின் இரு பாகம் மாதிரி ஓடும்.

டன்கர்க்கை யாருக்கும் முதல் புத்தகமாகச் சொல்வதில்லை என்றிருந்தேன். அண்ணாச்சி டைட்டானிக் வேண்டவே வேண்டாம் என்றதால், வேறு வழியில்லாமல் என் பிரதியைக் கொடுத்தேன். முதல் நூறு பக்கம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து வந்தார். இழுத்த பக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, குடையின் நுனியால் மண்ணில் ஒரு நீளக் கோடு போட்டார்.

"இதுதான் அந்தச் சுவர். அங்க கடல் பதினஞ்சு அடி ஏறி இறங்கும் தம்பி. நம்ம துறைமுகத்துல மூணு நாலு அடி தாண்டாது, அதுக்கே கயிறு தளத்தணும், இறுக்கணும்னு ராத்திரி பூரா ஆள் நிப்போம். தண்ணி இறங்குன நேரத்துல கப்பல் கீழ போயிடும், ஏணி வச்சுத்தான் இறங்கணும். மேல பிளேன் குண்டு போடுறான். தூங்காத பசங்க, கையில துப்பாக்கி வேற. எப்படி ஏத்தியிருப்பான்?" என்றார். கோட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகளாகக் கப்பல்களைக் கட்ட ஆரம்பித்தார்.